மாகாணத்துக்கு ஒரு கணக்கு, கொழும்புக்கு ஒரு கணக்கா? யாழ்ப்பாணத்து வாக்களிப்பு வீதம்

8 மே 2025, காலை (கேள்வி)

நல்லூரில் இருந்து ஒரு வாசகர் எழுதியது:

"வெளிநாடுகளில் மத்திய தேர்தலுக்குச் சனம் திரளும், மாநிலத் தேர்தலுக்குக் குறையும் என்கிறார்கள். எங்கள் ஊரில் தலைகீழ். 2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்கள் 26 வீதம் கூட இல்லை. அந்த ஏப்ரலில் பாராளுமன்றத்துக்கு 23. மூன்று வருடம் கழித்து மாகாண சபைத் தேர்தல் வந்தபோது 64. எங்கள் சனத்துக்குக் கொழும்பில் அக்கறை இல்லை, தங்கள் ஊரைத் தாங்களே ஆளுவதில்தான் அக்கறை என்று இதை வைத்துச் சொல்லலாம்தானே?"

8 மே, இரவு

சொல்லலாம் போலத்தான் இருக்கிறது. 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் தேர்தல் கடமையில் இருந்தேன். ஏழு மணிக்குக் கதவு திறக்க முன்பே மதிலோரம் சனம் நின்றது. வேட்டியும் சால்வையுமாக வந்த ஒரு ஐயா, வாக்குச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "பிள்ளை, இது எங்கட ஆக்களுக்குத்தானே?" கடமையில் இருப்பவர் அதற்குப் பதில் சொல்லக்கூடாது. நான் மறைப்பைக் கையால் காட்டினேன். அவர் உள்ளே நின்ற நேரம் கொஞ்சம் அதிகம். வெளியே வந்தவர் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பெட்டிக்குள் விட்டார்.

அந்தத் தேர்தலில் 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எடுத்தது. முதலமைச்சர் வேட்பாளர் விக்னேஸ்வரனுக்கு யாழ் மாவட்டத்தில் மட்டும் 132,255 விருப்பு வாக்குகள். வட மாகாணச் சனம் தங்களுக்கென்று ஒரு மாகாண சபைக்குப் புள்ளடி போட்டது அதுதான் முதல் தடவை. 1988இல் வடக்கு கிழக்கு மாகாண சபை வந்தபோது வடக்கில் போட்டியே இல்லாமல் போனதால் வாக்கெடுப்பு நடக்கவில்லை.

அதனால் உங்கள் கருத்துக்கு என் முதல் பதில் ஆம். விடிந்ததும் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன்.

9 மே

பார்த்தேன். என் ஆம் நிற்காது.

64 ஐயும் 26 ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது, ஏனென்றால் கீழே வகுக்கும் எண் ஒன்றல்ல. 2010இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் இடாப்பில், அதாவது வாக்காளர் பட்டியலில், 721,359 பெயர்கள். 2013இல் 426,813. இடையில் சனம் மூன்று இலட்சத்தால் குறைந்துவிடவில்லை. 2010 இடாப்பு என்பது பெரும்பாலும் போர்க்கால இடாப்பு. கனடா போனவர், லண்டன் போனவர், வன்னிக்குள் போய்த் திரும்பாதவர், செத்தவர் எல்லோரும் அதில் இருந்தார்கள். 2011இல்தான் விதானைமார் (கிராம அலுவலர்கள்) வீடு வீடாகப் போய் உண்மையில் யார் இருக்கிறார்கள் என்று பதிந்தார்கள்.

தலைகளை எண்ணினால்: 2010 ஜனவரியில் வாக்களித்தவர்கள் சுமார் 1 இலட்சத்து 85 ஆயிரம். அதை 2013 இடாப்பால் வகுத்துப் பாருங்கள், 43 வீதம் வருகிறது. ஆக, 26 என்று நாம் இத்தனை வருடமாகச் சொல்லிவந்தது உண்மையில் 43. இருபத்தாறில் இருந்து அறுபத்துநாலுக்குப் பாய்ந்த பாய்ச்சலில் பாதி இடாப்பைத் துப்புரவாக்கியதால் வந்தது.

9 மே, பிற்பகல்

கிளிநொச்சியில் இருந்து ஒருவர் எழுதி என்னைத் திருத்தியிருக்கிறார். அவருக்கு நன்றி. ஜனாதிபதி, பாராளுமன்றத் தேர்தல்களில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்றால் யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்தது. மாகாண சபைக்குக் கிளிநொச்சி தனி மாவட்டம். நான் 2010இல் இரண்டையும் சேர்த்த தலைகளை, 2013இல் யாழ்ப்பாணம் மட்டும் உள்ள இடாப்பால் வகுத்துவிட்டேன். 2013இல் கிளிநொச்சி இடாப்பில் ஏறக்குறைய 68 ஆயிரம் பேர். அதையும் சேர்த்து வகுத்தால் 43 என்று நான் எழுதியது 37ஐ ஒட்டி வரும்.

அவர் இன்னொன்றும் சொல்கிறார்: 2010 ஜனவரியில் கிளிநொச்சிச் சனத்தில் பெரும்பகுதி வவுனியா முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தது. "எங்கட ஊரில நிண்டு வாக்குப் போட அப்ப ஊர் இல்லை" என்று எழுதியிருக்கிறார். இதற்குமேல் நான் எதையும் சேர்க்கத் தேவையில்லை.

11 மே

இடாப்பைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது.

வாக்களிப்பு நிலையத்துக்குள் நடப்பது உங்களுக்குத் தெரியும். அலுவலர் வாக்காளர் அட்டையைப் பார்த்து இலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசிப்பார். கட்சி முகவர்கள் தங்கள் பிரதியில் அடையாளம் போடுவார்கள். இடாப்பை வைத்திருப்பவர் அடிமட்டத்தை வைத்து அந்தப் பெயருக்கு மேல் ஒரு கோடு கீறுவார். நான் பல தேர்தல்களில் அந்த அடிமட்டத்தோடு இருந்தவள். 2010 ஜனவரி 26 அன்று மதியம் தாண்டியும் கோடே இல்லாத பக்கங்கள் எனக்கு முன்னால் இருந்தன. ஒரு வீட்டில் ஏழு பெயர், ஒன்றுக்கும் கோடு இல்லை. அடுத்த வீட்டில் நாலு பெயர், தாய்க்கு மட்டும் கோடு. எங்கள் பகுதிப் பெயர்கள் என்பதால் பாதிப் பேரை எனக்குத் தெரியும். இவர் பிரான்சில், இவர் கொழும்பில், இவர் 1995 இடப்பெயர்வில் சாவகச்சேரியில் காய்ச்சல் வந்து இறந்தவர். பத்திரிகைகள் அடுத்த நாள் "தமிழர் அக்கறை காட்டவில்லை" என்ற பொருளில் எழுதின. இறந்தவர்கள் அக்கறை காட்டவில்லை என்று எழுதுவது என்ன நியாயம்?

எங்கள் ஒழுங்கையில் பெரியம்மா இருக்கிறா. அவவின் மகன், எங்களுக்குத் தம்பி முறை, 1996இல் சோதனைச் சாவடி ஒன்றைக் கடந்து போனவன் வீடு வரவில்லை. பெரியம்மாவின் வீட்டு எண்ணில் அவவின் பெயருக்கு அடுத்த வரியில் அவன் பெயர். 1999, 2004, 2005, 2010 என்று எல்லா இடாப்பிலும் இருந்தான். 2011இல் விதானை படிவத்தோடு வந்தபோது நானும் அந்த விறாந்தையில் இருந்தேன். பழைய பட்டியலை வாசித்து, "இவர் இப்ப இங்க இருக்கிறாரோ அம்மா?" என்று கேட்டார். பெரியம்மா இல்லை என்றும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. "நான் வெட்டச் சொல்ல மாட்டன். வெட்டுறதெண்டா நீங்களா வெட்டுங்கோ" என்றா. விதானை நல்ல மனுஷன். பேனையை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த இடாப்பில் பெயர் இல்லை. 2010இல் வாக்களிக்காதவர்கள் என்று எண்ணப்பட்ட 74 வீதத்துக்குள் அவனும் ஒருவன்.

12 மே

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் வாசித்தேன். பெரியம்மா சுகமாக இருக்கிறா.

ஒருவர் கேட்டது: "இடாப்பில் பெயர் கூடுதலாக இருந்தால் நட்டம் என்ன, விட்டிருக்கலாமே?" உண்மையில் அதில் ஒரு கணக்கு உண்டு. ஒரு மாவட்டத்துக்கு எத்தனை பாராளுமன்ற ஆசனம் என்பது பெரும்பாலும் இடாப்பில் உள்ள பெயர்களின் தொகையைப் பொறுத்தே பங்கிடப்படுகிறது. 2010இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 9 ஆசனம். 2015இல் 7. 2024இல் 6. பெயர் வெட்டும்போது ஆசனமும் சேர்ந்து வெட்டுப்பட்டது. மறுபக்கம், வெறும் பெயர்கள் நிறைந்த இடாப்பு எதற்கு உதவும் என்பதற்கு 1994 பாராளுமன்றத் தேர்தலே போதும். குடாநாட்டில் வாக்கெடுப்பு நடக்கக்கூடிய நிலை இல்லை, தீவகத்தில்தான் வாக்களித்தார்கள். பத்தாயிரத்துச் சொச்சம் வாக்கு எடுத்த ஒரு சுயேச்சைக் குழுவுக்கு யாழ்ப்பாணத்தின் 10 ஆசனங்களில் 9 போயின. வாக்களிப்பு மூன்று வீதத்தைத் தொடவில்லை.

14 மே

சரி, இடாப்பைக் கழித்தாலும் 37க்கும் 65க்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. (2013இல் யாழ்ப்பாணத்தையும் கிளிநொச்சியையும் சேர்த்தால் 65ஐ ஒட்டி வரும்.) அந்தத் தூரத்துக்கு நல்லூர் வாசகரின் விளக்கம் பொருந்துமா? மாகாணம் என்பதால்தான் சனம் வந்ததா?

இதற்கு 2015 ஜனவரி 8 பதில் சொல்கிறது. அது ஜனாதிபதித் தேர்தல், போட்டி இரண்டு தென்னிலங்கைத் தலைவர்களுக்கு இடையில். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 66 வீதம் வாக்களித்தது. மாகாண சபைக்கு வந்த சனத்துக்குக் குறையாமல் வந்தது. 2019 ஜனாதிபதித் தேர்தலில் 68. கொழும்பில் அக்கறை இல்லாத சனம் என்றால் இந்த இரண்டு நாளும் வீட்டில் இருந்திருக்கும்.

என் நினைவில் 2015 ஜனவரி வரிசைக்கும் 2013 செப்டெம்பர் வரிசைக்கும் வித்தியாசம் ஒன்று இருந்தது. 2013இல் சனம் கதைத்துக்கொண்டு வந்தது. 2015இல் வாயே திறக்கவில்லை. ஆனால் இரண்டு நாளும் பதினொரு மணிக்கே பாதிக்கு மேல் கோடு கீறிவிட்டேன்.

17 மே

2005ஐ விட்டுவிட்டேன் என்று ஒருவர் கோபிக்கிறார். விடவில்லை. எழுதக் கை வரவில்லை.

நவம்பர் 17, விடுதலைப் புலிகள் பகிஷ்கரிக்க வைத்த ஜனாதிபதித் தேர்தல். இடாப்பில் ஏழு இலட்சம் பேர், வாக்களித்தவர்கள் எட்டாயிரத்து ஐந்நூறு சொச்சம். 1.21 வீதம். நாடு முழுக்க வெற்றியின் வித்தியாசம் ஒரு இலட்சத்து 80 ஆயிரம் சொச்சம் வாக்குகள். இதை வைத்து எத்தனையோ பேர் எத்தனையோ எழுதிவிட்டார்கள். அன்று நான் கடமையில் இருந்தேன். பெட்டியைத் திறந்து காட்டி, முத்திரை வைத்து, காலை ஏழு மணிக்குக் கதிரைகளில் இருந்தோம். தெருவில் சைக்கிள் கூட இல்லை. வெளியே வரக்கூடாது என்பது எல்லோருக்கும் விளங்கியிருந்தது. நாலு மணி வரை வந்தவர்களைக் கைவிரல்களால் எண்ணலாம். வந்தவர்களின் முகத்தை நாங்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அவர்களுக்குப் பயம் கூடும் என்று எங்களுக்குத் தெரியும்.

அந்த 1.21ஐ அக்கறையின் அளவு என்று யாரும் எடுக்கக் கூடாது. வீதத்தை மட்டும் வரிசையாக அடுக்கிப் பார்ப்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். யாழ்ப்பாணத்தில் 1988 முதல் 2010 வரையுள்ள எண்கள் துவக்குகளுக்கு நடுவில் எடுத்த எண்கள். 2004 மட்டும் சமாதான காலம். அன்று 47 வீதம், ஆனால் கள்ளவோட்டுப் பேச்சும் நிறைய இருந்தது.

23 மே

நல்ல சோதனை ஒன்று எனக்குக் கிடைத்தது. இரண்டு மாத இடைவெளி, ஒரே இடாப்பு, அப்போது போரும் இல்லை. 1982.

ஒக்டோபர் 20, முதலாவது ஜனாதிபதித் தேர்தல். நாடு முழுக்க 81 வீதம், யாழ்ப்பாணத்தில் 46. டிசம்பர் 22, பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமல் ஆறு வருடத்துக்கு நீட்டலாமா என்ற சர்வசன வாக்கெடுப்பு. நாடு முழுக்க 71 வீதமாக இறங்கியது. யாழ்ப்பாணத்தில் 60ஐ ஒட்டி ஏறியது. தெற்கு களைத்துப்போன அதே இடத்தில் எங்கள் சனம் எழும்பி வந்திருக்கிறது. வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் "வேண்டாம்" என்றார்கள்.

எனக்கு அப்போது 18 வயது, பெயர் இடாப்பில் ஏறவில்லை. ஒக்டோபர் அன்று அப்பா உரும்பிராய்த் தோட்டத்தில் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். அம்மா கேட்டதற்கு, "ஆர் வந்தால் என்ன" என்றார். டிசம்பரில் விடியக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அம்மாவையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். சீட்டில் விளக்குச் சின்னம் என்றால் ஆம், குடம் என்றால் இல்லை. வீட்டுக்கு வந்து முற்றத்துக் கிணற்றடியில் இருந்த குடத்தைக் காட்டி, "இதுக்குத்தான்" என்று எனக்குச் சொன்னார். அவ்வளவு சந்தோசமாக அவர் தேர்தல் பற்றிப் பேசி நான் கேட்டது அன்று மட்டும்தான்.

24 மே

நேற்றைய 1982 பற்றிக் கேள்வி வரும் என்று தெரியும், வந்துவிட்டது: "ஒக்டோபரில் எங்கள் ஆள் போட்டியிடவில்லை, அதனால் போகவில்லை, இதில் என்ன இருக்கிறது?"

போட்டியிட்டார். குமார் பொன்னம்பலம். யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலிடமும் அவருக்குத்தான். தமிழர் விடுதலைக் கூட்டணிதான் அந்தத் தேர்தலில் வேட்பாளரை நிறுத்தவில்லை. ஆக எங்கள் ஆள் ஒருவர் சீட்டில் இருந்தால் போதும், சனம் தானாக வரும் என்பதும் சரியில்லை. கடந்த வருடம் செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் நின்றார். யாழ்ப்பாணத்தில் முதலிடம் எடுத்த தெற்கு வேட்பாளர் சஜித் பிரேமதாசவுக்கு மிகக் கிட்ட வந்தார். ஆனால் வாக்களிப்பு 67 வீதம்தான், 2019இல் இருந்ததை விட ஒரு புள்ளி குறைவு.

எனக்கு இப்போது படுவது இது. எங்கள் சனம் எந்தச் சபை என்று பார்த்துப் போவதில்லை. தன் பதில் ஒரே குரலாகக் கேட்கும் என்று தெரிந்த நாளில் போகிறது. 1982 டிசம்பரில் கேள்வி ஒன்று, பதில் ஒன்று. 2013இல் "எங்களுக்கு ஒரு சபை வேண்டும்". 2015 ஜனவரியில் "இந்த ஆட்சி போக வேண்டும்". மூன்றும் வேறு வேறு மட்டத்துத் தேர்தல்கள், மூன்றிலும் வரிசை நீளம்.

27 மே

தேசியத் தேர்தல்களுக்குள்ளேயே ஜனாதிபதிக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையில் விழும் இறக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக.

நாடு முழுக்க எடுத்தால் இது தெளிவு. 2010இல் 74.5இல் இருந்து 61க்கு, 2015இல் 81.5இல் இருந்து 77.7க்கு, 2024இல் 79.5இல் இருந்து 69க்கு. யார் ஆளுவது என்பது முதலிலேயே முடிந்துவிடுகிறது, இரண்டாவதற்கு அலைவானேன் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் 2015இல் 66இல் இருந்து 61ஐ ஒட்டி வந்தது, 2024இல் 67இல் இருந்து 60க்கு. ஆனால் 2019க்கும் 2020க்கும் இடையில் இறங்கவில்லை. நாடு முழுக்க 84இல் இருந்து 76க்கு வந்தபோது இங்கே இரண்டிலும் 68ஐ ஒட்டித்தான். கொரோனாவால் ஒகஸ்ட் 5 வரை தள்ளிப்போன தேர்தல் அது. கொழும்பில் படித்த, வேலை செய்த பிள்ளைகளில் நிறையப் பேர் அந்த மாதங்களில் ஊரிலேயே இருந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஐந்து பேர். இது காரணங்களில் ஒன்று என்று நம்புகிறேன்.

ஏனென்றால் இந்த நாட்டில் பெயர் பதிந்த ஊருக்கு வந்துதான் வாக்களிக்க வேண்டும். தபால் வாக்கு எங்களைப் போன்ற அரச ஊழியர்களுக்கு உண்டு, கடையில் கணக்கு எழுதும் பிள்ளைக்கு இல்லை. வெளிநாட்டில் இருப்பவருக்கு அங்கிருந்தே வாக்களிக்க ஒரு வழியும் இல்லை. தனியார் துறை ஊழியருக்கு 150 கிலோமீற்றருக்கு மேல் பயணம் என்றால் இரண்டு நாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும். கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வெள்ளவத்தையில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்யும் என் பெறாமகன் கடந்த வருடம் செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்கு வந்தான். அது சனிக்கிழமை. பாராளுமன்றத் தேர்தல் நவம்பர் 14, வியாழக்கிழமை. முதலாளி "போன மாதம்தானே போனீர்" என்று கேட்டாராம். சட்டப்படி லீவு இருக்கிறது என்று அவன் வாதாடவில்லை. இரவு பஸ்ஸில் போக வர ஆகும் காசும் சும்மா இல்லை.

நாட்டு மொத்தத்தோடு ஒப்பிடும்போது 2024இலும் 9 முதல் 13 வீதம் வரை யாழ்ப்பாணம் பின்னால் நின்றதற்கு இப்படியான பெறாமக்கள் பெரிய பங்கு என்றே நினைக்கிறேன். அவர்களின் பெயர் தாய் தகப்பன் வீட்டில், ஆள் எங்கேயோ.

27 மே, இரவு

ஒன்றை மறந்துவிட்டேன். வந்தும் வாக்கு எண்ணப்படாமல் போகிறவர்கள். யாழ்ப்பாணத்தில் 2020 பாராளுமன்றத் தேர்தலிலும் 2024 பாராளுமன்றத் தேர்தலிலும் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் முப்பதாயிரத்துக்கு மேல். 2024இல் 6 ஆசனத்துக்கு 44 கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும், 396 வேட்பாளர்கள். முதலில் கட்சிச் சின்னத்துக்குப் புள்ளடி, பிறகு கீழே உள்ள இலக்கங்களில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. கண் மங்கிய ஒரு அம்மாவுக்கு அந்தச் சீட்டு மேசையை விட அகலமாகத் தெரியும். சின்னத்தை விட்டுவிட்டு இலக்கத்தில் மட்டும் கீறிவிட்டால் வாக்கு செத்தது. மாற்றிப் போட்டுவிட்டு "பிள்ளை, வேற ஒண்டு தாங்கோ" என்று சத்தமில்லாமல் கேட்பவர்களை நான் கண்டிருக்கிறேன். கேட்க வெட்கப்பட்டு அப்படியே பெட்டிக்குள் விடுபவர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்களையும் வாக்களித்தவர்கள் என்றுதான் வீதத்தில் எண்ணுகிறோம்.

அதே நவம்பரில் நடந்த இன்னொன்று: செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்கவுக்கு யாழ்ப்பாணத்தில் 27 ஆயிரம் வாக்கு. எட்டு வாரத்தில் அவரின் கட்சியான தேசிய மக்கள் சக்திக்கு 80 ஆயிரம், 6இல் 3 ஆசனம். வந்த தலைகள் குறைவு, மனம் மாறிய தலைகள் அதிகம். வீதத்தை மட்டும் பார்த்திருந்தால் அது கண்ணில் படாது.

1 ஜூன்

இன்றைய நாளில் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

1981 மே 31, நாச்சிமார் கோயிலடியில் தேர்தல் கூட்டம். அங்கே பொலிசார் சுடப்பட்டார்கள். அதன்பின் வந்த இரவுகளில் நகரம் எரிந்தது, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது, ஏறக்குறைய 97 ஆயிரம் நூல்கள். எல்லோருக்கும் நூலகம் நினைவிருக்கிறது. அது ஒரு தேர்தல் வாரம் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தல். பிராந்தியத்துக்குக் கொஞ்சம் அதிகாரம் என்று சொல்லிக் கொடுத்த சபை. சாம்பல் ஆற முன்பே, ஜூன் 4ஆம் திகதி, வாக்கெடுப்பு நடந்தது. கூட்டணி 10 ஆசனங்களையும் எடுத்தது. அப்பா தீக்கருகல் மணக்கும் நகரத்தைப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். வாக்களிக்கப் போனாரா என்று நான் கேட்கவில்லை, இனிக் கேட்கவும் ஆளில்லை.

போகாமல் விடுவதும் இந்த ஊருக்குப் பழைய பேச்சு. 1931இல் இந்த நாட்டில் முதன்முதலாக 21 வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தபோது, குடாநாட்டின் நாலு தொகுதிகளிலும் வேட்புமனுவே இல்லை. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை. ஹன்டி பேரின்பநாயகமும் வாலிபர் காங்கிரசும் டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று பகிஷ்கரித்தார்கள். 1934 வரை அந்த நாலு கதிரைகளும் காலி. அது அக்கறையின்மையா? அளவுக்கு மீறிய அக்கறை என்றுதான் நான் சொல்வேன். சரியான முடிவா என்பது வேறு. என் தாத்தா அது பிழை என்று சாகும் வரை சொன்னார்.

3 ஜூன்

நல்லூர் வாசகர் திரும்ப வந்து, "அப்போ மாகாணத்துக்கு வாக்களிப்பு கூடுமா குறையுமா, ஒரு சொல்லில் சொல்லுங்கோ" என்கிறார்.

சொல்ல முடியாது, ஏனென்றால் ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது. இதுதான் எனக்கு மனம் எரியும் இடம். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஒகஸ்டில் பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. ஏறக்குறைய ஏழு வருடமாக ஆளுநர்தான். இன்று 30 வயதுக்குள் இருக்கும் எங்கள் பிள்ளைகளில் ஒருவர் கூட மாகாண சபைக்குப் புள்ளடி போட்டதில்லை. நான் படிப்பித்த பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளை முதலாம் வகுப்பில் சேர்க்கிறார்கள். உள்ளூராட்சியும் 2023 மார்ச்சில் நடக்க வேண்டியது, காசு இல்லை என்று தள்ளி இந்த மே 6 வரை வந்தது. வாக்களிப்பு வீதம் ஏன் வேறுபடுகிறது என்று கேட்க, முதலில் தேர்தல் நடக்க வேண்டும்.

8 ஜூன்

மே 6 பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கடந்த வருடம் ஓய்வு பெற்றுவிட்டேன். 26 வருடம் தபால் வாக்குத்தான். இந்த முறை கடமையும் இல்லை, தபாலும் இல்லை. அதனால் முதல் தடவையாக எங்கள் வட்டாரத்து நிலையத்தில் வரிசையில் நின்றேன். பெரியம்மாவையும் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். அவவுக்கு 81. பிரதேச சபைக்கு நின்ற பெடியன் எங்கள் ஒழுங்கையில் வெள்ள வாய்க்கால் வெட்டுவதாகச் சொல்லி வேலியடியில் நின்று கும்பிட்டவன். "இவன்ர தாயைத் தூக்கி வளர்த்தது நான்" என்று வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தா. நாட்டுத் தலைவரைத் தெரிந்த மாதிரி அல்ல, தன் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தெரிந்த மாதிரி ஒரு வேட்பாளரைத் தெரிந்திருப்பது உள்ளூராட்சியில் மட்டும்தான். ஆனாலும் எங்கள் வரிசை செப்டெம்பரை விடக் குட்டை.

உள்ளே போனதும் அலுவலர் இலக்கத்தை வாசித்தார், பெரியம்மாவின் பெயரை வாசித்தார். அடிமட்டம் வைத்துக் கோடு கீறும் பிள்ளை என்னிடம் படித்தவள். பெரியம்மா மேசைக்குக் கிட்டக் குனிந்து, அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த வரியைப் பார்த்தா. அங்கே அடுத்த வீட்டுக்காரரின் பெயர் இருந்தது. விரலை நீட்டி மை பூசக் கொடுத்தா.